நாவல் எழுத வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

காட்பாடியில் பதினெட்டு வருஷமாக டி.டி.பி. கடை நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கல்லூரிப் பிள்ளைகளின் ஆய்வேடு எல்லாம் அடித்துத் தருகிறோம். நடுநடுவே நாவல் எழுதுகிறவர்களும் வருவார்கள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருப்பவர், குடியாத்தத்தில் லுங்கித் தறி வைத்திருப்பவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, நர்சிங் படிக்கும் பெண் என்று பலவிதம். மஞ்சள் பையிலிருந்து நோட்டை எடுத்து மேசையில் வைத்தவுடன், பக்கத்துக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னாலேயே சந்தேகம் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். நானும் இரண்டு நாவல் எழுதி முடித்தவள், மூன்றாவது பாதியில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

வேலைக்கு நடுவில் நின்றுகொண்டு சொல்லும் பதில் பாதிதான் போய்ச் சேருகிறது. அதனால் உட்கார்ந்து முழுசாக எழுதிவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே வைத்திருக்கிறேன்.

அக்கா, நான் பத்தாவதுதான் படிச்சிருக்கேன். நாவல் எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படும் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வெளிவந்தது. எழுதிய வேதநாயகம் பிள்ளை பிழைப்புக்குத் தமிழ் வாத்தியார் இல்லை, மாயவரத்தில் முன்சீப்பாக இருந்தவர். நாவல் எழுத யாரும் சான்றிதழ் கேட்பதில்லை.

ஆனால் படிக்காமல் எழுத முடியாது. இங்கே படிப்பு என்றால் நாவல் படிப்பது. ஏற்கெனவே உங்களுக்குப் பிடித்த ஒரு நாவலை எடுத்து, இந்த முறை தச்சர் நாற்காலியைப் பார்ப்பது போலப் பாருங்கள். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: இதில் என்ன நடந்தது, யாருக்கு என்ன மாறியது. முப்பது அத்தியாயத்துக்கு முப்பது வரி. எங்கே ஆளை உள்ளே கொண்டுவருகிறார், எங்கே இரண்டு வருஷத்தை ஒரே வரியில் தாண்டுகிறார், எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார் என்பதெல்லாம் அந்தத் தாளில் தெரிந்துவிடும். இப்படி மூன்று நாவலைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் சொல்லித்தர வேண்டியிருந்ததில்லை.

நாவல்னா எத்தன பக்கம் இருக்கணும்?

டெமி அளவுப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 200 முதல் 250 சொல் வரை பிடிக்கும். 40,000 சொல் எழுதினால் 160 முதல் 200 பக்கம் வரும். முதல் நாவலுக்கு அது நல்ல அளவு. 20,000 சொல்லுக்குள் முடிந்துவிட்டால் குறுநாவல் என்பார்கள், அதிலும் குறை ஒன்றும் இல்லை.

கையால எழுதட்டுமா, செல்லுல அடிக்கட்டுமா?

எது உங்களை நிறுத்தாமல் ஓடவிடுகிறதோ அதில் எழுதுங்கள். நோட்டில் எழுதுகிறவர்களிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். எதிர்ப் பக்கம் திருத்தத்துக்கும் புதிதாகச் சேர்ப்பதற்கும் இருக்கட்டும். பேசினால் தானாக எழுதிக்கொள்ளும் வசதி இப்போது செல்போனில் தமிழுக்கும் இருக்கிறது. நடந்துகொண்டே வசனத்தைச் சொல்லிப் பதிய அது உதவும். ஒற்று, ற-ர, ண-ன எல்லாம் அப்புறம் சரிபார்க்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

கணினியில் அடிப்பதாக இருந்தால் யூனிகோடில் அடியுங்கள். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்தால் இன்னொரு கணினியில் திறக்கும்போது வெறும் குறிகளாகத் தெரியும், பதிப்பகத்துக்கு அனுப்பும்போதும் மாற்றியாக வேண்டும். புதிதாகத் தட்டச்சு பழகுகிறவர்களுக்கு நான் தமிழ்99 விசைப்பலகையைத்தான் சொல்வேன். ஒரு மாதம் கஷ்டப்பட்டால் ஆயுசுக்கும் கை ஓடும்.

எழுதியதை இரண்டு இடத்தில் வையுங்கள். 2011இல் என் முதல் நாவலின் தொண்ணூறு பக்கம் ஹார்ட் டிஸ்க்கோடு போனது. திரும்ப எழுத எட்டு மாதம் ஆயிற்று, முதலில் எழுதியதில் இருந்த சில வரிகள் திரும்ப வரவே இல்லை. அன்றிலிருந்து தினமும் எழுதி முடித்ததும் எனக்கே மின்னஞ்சலில் அனுப்பிவைக்கிறேன். ஒரு நிமிஷ வேலை.

ஷிஃப்ட் முடிஞ்சு வரசொல்லவே எட்டு மணி ஆவுது. எங்க எழுதுறது?

இதைக் கேட்கிறவர்களிடம் உங்களுக்கு நேரம் இருக்கிறது என்று நான் சொல்வதில்லை. பெரும்பாலும் நிஜமாகவே இல்லை, அதிலும் பெண்களுக்கு. கணக்கு மட்டும் போட்டுக் காட்டுவேன். ஒரு நாளைக்கு 300 சொல். நோட்டில் இரண்டு பக்கம், அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம். வாரத்தில் ஐந்து நாள் எழுதினால் 1,500. இருபத்தேழு வாரத்தில் 40,000 தாண்டிவிடும். தை மாதம் ஆரம்பித்தால் ஆடிக்குள் முதல் வரைவு கையில் இருக்கும்.

அந்த அரை மணி எங்கே கிடைக்கும் என்பது ஆளுக்கு ஆள் வேறு. ஏலகிரி எக்ஸ்பிரஸில் தினமும் சென்னைக்குப் போய்வரும் ஒருவர் அரக்கோணம் வரைக்கும் எழுதுவார், அதற்கப்புறம் தூங்குவார். பீடி சுற்றும் ஒரு அம்மா கை வேலை செய்யும்போதே அடுத்த காட்சியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு, ராத்திரி பிள்ளைகள் படுத்த பிறகு பதினைந்து நிமிஷத்தில் இறக்கி வைத்துவிடுவார். அவர் சொன்னதை நான் பலருக்கும் சொல்கிறேன்: எழுத உட்காரும்போது என்ன எழுதுவது என்று யோசிக்கக் கூடாது, அதைப் பகலிலேயே யோசித்து வைத்திருக்க வேண்டும்.

வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒளித்து எழுதினால் ஒவ்வொரு நாளும் பொய் சொல்ல வேண்டிவரும், அந்தக் களைப்பிலேயே எழுத்து நின்றுவிடும்.

கத ஃபுல்லா மனசுல கீது. மொத வரிதான் வர மாட்டேங்குது.

முதல் வரியைக் கடைசியில் எழுதலாம். இப்போதைக்கு உங்கள் கண் முன்னால் தெளிவாக நிற்கும் ஒரு காட்சியை எழுதுங்கள், அது கதையின் நடுவில் வந்தாலும் பரவாயில்லை. வரைவு முடிந்த பிறகு பார்த்தால், கதை நிஜமாக ஆரம்பிக்கும் இடம் இரண்டாவது அல்லது மூன்றாவது அத்தியாயத்தில் இருக்கும். அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் நீங்கள் ஊரைச் சுற்றிப் பார்த்தது. அதை எடுத்துவிடலாம்.

முழுக்கதைக்கும் பிளான் போட்டுட்டுதான் ஆரம்பிக்கணுமா?

இரண்டு விதமாகவும் நல்ல நாவல்கள் வந்திருக்கின்றன. எனக்கு மூன்று விஷயம் தெரிந்தால் போதும்: யாருடைய கதை, அவருக்கு என்ன வேண்டும், அதைக் கிடைக்கவிடாமல் தடுப்பது எது. "கணவன் இறந்த பிறகு ஒருத்தி தறியைத் தானே ஓட்ட நினைக்கிறாள், பங்காளிகள் தறியை விற்கச் சொல்கிறார்கள்" என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் ஆரம்பித்துவிடலாம். அந்த வாக்கியத்தை நோட்டின் முதல் தாளில் எழுதி வையுங்கள். நின்றுபோகும்போது அது தேவைப்படும்.

நம்ம ஊர்ல இன்னா இருக்குது எழுதறதுக்கு? கதை மெட்ராஸ்ல நடக்கிற மாதிரி வச்சுக்கட்டுமா?

இந்தக் கேள்விதான் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். மு.வ.வின் அகல் விளக்கு பாலாற்றங்கரையில் இருக்கும் வாலாஜாவில் தொடங்குகிற கதை. அதற்கு 1961இல் சாகித்ய அகாதெமி பரிசு கிடைத்தது. அவர் அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்துக்காரர். சென்னையில் இருபது வருஷம் இருந்தவர்கள் சென்னையை எழுதட்டும். நீங்கள் நான்கு தடவை போய்வந்த சென்னை, சினிமாவில் பார்த்த சென்னையாகத்தான் வரும்.

நம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று யோசியுங்கள். வேலூரின் பெரிய ஆஸ்பத்திரியான சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ் போர்டுகள் வங்காள எழுத்தில் இருக்கின்றன. எங்கோ கொல்கத்தாவுக்கும் அப்பாலிருந்து வந்த குடும்பம் மாதக்கணக்கில் ஒரே அறையில் தங்கி, அங்கேயே மீன்குழம்பு வைத்துச் சாப்பிட்டு, ஒரு ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கிறது. அந்த லாட்ஜைப் பெருக்கும் பெண் அவர்களிடமிருந்து வங்காளி கற்றுக்கொண்டிருக்கிறாள். இது ஒரு நாவல். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை முழுக்கத் தோல் தொழில். தோல் பதனிடும் டேனரிகளின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்ததைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புக் கொடுத்தது. அதே டேனரி சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்து, அதே கிணற்றை இழந்த வீடுகள் எத்தனை இருக்கும்? மணலாகவே கிடந்த பாலாறு 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடியபோது, ஆற்றில் தண்ணீரையே பார்த்திராத பிள்ளைகள் பாலத்தில் நின்று பார்த்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்ற தாத்தாக்கள் அழுததை நான் பார்த்தேன்.

எழுதும்போது சுற்றுலாப் புத்தகம் மாதிரி எழுதாதீர்கள். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாள் நடக்கும் என்று ஒரு பத்தி விவரித்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அந்தக் கூட்டத்தில் உங்கள் ஆள் யாரைத் தேடிக்கொண்டிருக்கிறான் என்று ஆரம்பித்தால் திருவிழா தானாக வரும்.

எங்க ஊட்ல பேசற மாரியே எழுதினா படிக்கிறவங்களுக்குப் புரியுமா?

புரியும், அளவு தெரிந்து எழுதினால். கதை சொல்லும் பகுதியைச் சாதாரண எழுத்துத் தமிழில் வையுங்கள். ஆட்கள் பேசும்போது நம் பேச்சு வரட்டும். அப்போதும் ஒவ்வொரு ஒலியையும் எழுத்தில் பிடிக்கப் பார்க்க வேண்டாம். "நான் வரசொல்ல அவன் திண்ணையில குந்திகினு இருந்தான்" என்றால் போதும். வரசொல்ல, குந்திகினு என்ற இரண்டு சொல்லிலேயே வட ஆர்க்காடு வந்துவிட்டது. மீதியையும் உடைத்து எழுதினால் வாசகர் கதையை விட்டுவிட்டு எழுத்துக்கூட்ட ஆரம்பித்துவிடுவார்.

"ஏரி கோடி போச்சு" என்றால் ஏரி நிரம்பி வழிகிறது என்று அடைப்புக்குறிக்குள் பொருள் போடாதீர்கள். அடுத்த வரியில் சனங்கள் மீன் பிடிக்கக் கூடையோடு ஓடட்டும், விளங்கிவிடும். குடியாத்தத்தில் தெலுங்கு பேசும் வீடு, ஆம்பூரில் உருது பேசும் வீடு என்று எழுதுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

என்னிடம் வரும் கையெழுத்துப் பிரதிகளில் அடிக்கடி பார்க்கும் ஒரு தவறு உண்டு. கூலிக்காரர் மட்டும் "இன்னா", "கீது" என்று பேசுவார். வாத்தியாரும் டாக்டரும் ரேடியோ செய்தி மாதிரி பேசுவார்கள். எழுதியவருக்கு அப்படி எண்ணமே இருக்காது, ஆனாலும் படிக்கும்போது ஏழையைக் கேலி செய்வது போல ஆகிவிடுகிறது. நம் ஊர் வாத்தியாரும் வீட்டில் கோபம் வந்தால் எப்படிப் பேசுவார் என்று நமக்குத் தெரியும். அவருக்கும் அந்தப் பேச்சைக் கொடுங்கள்.

அறுபது பக்கம் எழுதிட்டேன். அதுக்கு மேல நகரவே மாட்டேங்குது. கதையே சரியில்லையோ?

அநேகமாக எல்லோரும் நிற்கும் இடம் இது. முதலில் எழுதும்போது இருந்த வேகம் தீர்ந்திருக்கும், முடிவு இன்னும் தூரத்தில் இருக்கும். கதை சரியில்லை என்று அங்கே வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

நான் பார்த்தவரை மூன்று காரணம் இருக்கிறது. முதலாவது, உங்கள் ஆளுக்கு வேண்டியது என்ன என்பது மறந்துபோயிருக்கும். நோட்டின் முதல் தாளில் எழுதி வைத்த வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். இரண்டாவது, எல்லாருடைய பூர்வீகத்தையும் சொல்லிக்கொண்டே போயிருப்பீர்கள், இன்று நடக்கும் கதை நின்றிருக்கும். அப்படியானால் பூர்வீகத்தை நிறுத்திவிட்டு இரண்டு பேரை ஒரே அறையில் விட்டுச் சண்டை போட வையுங்கள். மூன்றாவதுதான் பெரிய நோய்: முன்னால் எழுதியதையே திருத்திக்கொண்டிருப்பது. நான் சொன்ன தலைமையாசிரியை முதல் அத்தியாயத்தை ஒன்பது தடவை மாற்றி எழுதிக்கொண்டுவந்தார், ஒவ்வொரு தடவையும் நான் புதிதாக அடித்தேன். பத்தாவது தடவை அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தம்தான். "டீச்சர், பத்தாவது அத்தியாயம் எழுதினப்புறம் முதல் அத்தியாயம் எப்படி இருக்கணும்னு உங்களுக்கே தெரியும், இப்பத் தெரியாது" என்றேன். அடுத்த பங்குனியில் 210 பக்கத்தோடு வந்தார். முதல் அத்தியாயத்தை அவரே தூக்கியிருந்தார்.

வராத காட்சியைத் தாண்டிப் போங்கள். "இங்கே மாமன் வீட்டுச் சண்டை" என்று ஒரு வரி போட்டுவிட்டு அடுத்ததை எழுதுங்கள். அப்புறம் ஒரு சின்னப் பழக்கம்: தினமும் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்திருங்கள். மறுநாள் அதை முடிக்க உட்கார்ந்தாலே கை ஓட ஆரம்பித்துவிடும்.

எழுதினதை எப்படித் திருத்தறது? தப்பு இருந்தா நீங்களே போட்டுருவீங்களா?

எழுத்துப் பிழையும் ஒற்றுப் பிழையும் நான் பார்க்கலாம். கதையைத் திருத்துவது உங்கள் வேலை. முடித்ததும் ஒரு மாதம் தொடாமல் வையுங்கள். பிறகு அச்செடுத்து, வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் வாக்கியம், யாரும் பேசாத வசனம், ஒரே பக்கத்தில் நாலு தடவை வந்த சொல், மூன்றையும் காது பிடித்துவிடும். முதல் சுற்றில் காட்சிகளை மட்டும் பாருங்கள், எது வேண்டாம், எது இடம் மாற வேண்டும் என்று. வாக்கியத்துக்கு அடுத்த சுற்றில் வரலாம். எடுத்துவிடப் போகிற காட்சிக்குச் சந்திப் பிழை பார்த்து என்ன பயன்?

யார்கிட்ட படிக்கக் குடுக்கலாம்?

வரைவு முடிவதற்கு முன்னால் யாரிடமும் வேண்டாம். முடிந்ததும் மூன்று பேர் போதும்: நிறைய நாவல் படிக்கிற ஒருவர், அதிகம் படிக்காத ஒருவர், நீங்கள் எழுதிய தொழிலோ இடமோ தெரிந்த ஒருவர். "எப்படி இருக்குது?" என்று கேட்டால் "நல்லா இருக்குது" என்றுதான் வரும். எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள், யாரை நம்ப முடியவில்லை, எங்கே குழப்பம் என்று கேளுங்கள். மூன்று பேரும் ஒரே இடத்தைச் சொன்னால் அங்கே பிரச்சினை நிச்சயம் இருக்கிறது. அதற்கான மருந்து மட்டும், அவர்கள் சொல்வதாக இல்லாமல், உங்களுடையதாக இருக்கட்டும்.

1806 சிப்பாய்ப் புரட்சியை வச்சு எழுதறேன். எவ்வளவு தெரிஞ்சிருந்தா போதும்?

நிகழ்ச்சி எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1805 நவம்பரில் ஆங்கிலேயர் தங்கள் சிப்பாய்களுக்குப் போட்ட உத்தரவு: நெற்றியில் குறி கூடாது, தாடி எடுக்க வேண்டும், புதுவிதத் தலைப்பாகை. 1806 ஜூலை 10 விடிவதற்கு முன்னால் வேலூர்க் கோட்டைக்குள் எழுச்சி. ஆர்க்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்று காலையே கோட்டையை மீட்டது. பிறகு அங்கே வைக்கப்பட்டிருந்த திப்பு குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பியது. இவ்வளவும் பாடப்புத்தகத்தில் கிடைக்கும். நாவலுக்கு வேண்டியது அந்தத் தலைப்பாகையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த சிப்பாயை அவன் மனைவி எப்படிப் பார்த்தாள் என்பது. அதற்கு ஆவணம் கிடைக்காது, நீங்கள்தான் எழுத வேண்டும்.

ஆனால் கற்பனை நிற்க வேண்டிய இடங்களும் உண்டு. ஒரு பிரதியில் புரட்சிக்கு முந்தின இரவு கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் சன்னதியில் அர்த்தசாம பூஜை நடக்கிறது. அந்தக் காலத்தில் அந்தக் கோயிலில் மூலவரே இல்லை. பல நூற்றாண்டு வெறுமையாகக் கிடந்து, 1981இல்தான் திரும்பப் பிரதிஷ்டை ஆனது. அவ்வளவு பழைய காலம் வேண்டாம், 1985இல் நடக்கும் கதையில் "வேலூர் மாவட்ட கலெக்டர்" வந்தாலும் தவறுதான். அன்றைக்கு இது வட ஆர்க்காடு மாவட்டம், 1989இல்தான் பிரித்தார்கள். அப்போதும் இதற்கு வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டம் என்றுதான் பெயர், வேலூர் மாவட்டம் என்ற பெயர் அதற்குப் பிறகுதான் வந்தது. 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. 1957 ஏப்ரலுக்கு முந்திய கதையில் நயா பைசா வரக் கூடாது, அணா கணக்குத்தான். இப்படிப்பட்டவற்றுக்காகத் தனியாக ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். 1881இல் காக்ஸ் என்பவர் தொகுத்த பழைய வட ஆர்க்காடு மாவட்டக் கையேடும், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் பெரிய துணை. எதுவரை தேடுவது என்றால், கதை நகராமல் நின்றுவிடும் அளவுக்குத் தேட வேண்டாம். சந்தேகம் வந்த இடத்தில் பெருக்கல் குறி போட்டுவிட்டு மேலே எழுதுங்கள், மாமன் வீட்டுச் சண்டைக்குச் சொன்ன அதே வழி.

எங்க சித்தப்பாவை வச்சுதான் வில்லன் பாத்திரமே. அவுரு படிச்சா இன்னா ஆவும்?

வரைவு எழுதும்போது அவர் படிப்பார் என்று நினைக்கவே நினைக்காதீர்கள், கை நின்றுவிடும். முடிந்த பிறகு யோசிப்போம். பெயரை மட்டும் மாற்றினால் போதாது. தொழில், ஊர், உடல்வாகு, பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாம் மாற வேண்டும். இரண்டு மூன்று பேரைச் சேர்த்து ஒருவராக ஆக்கினால் இன்னும் நல்லது. "இது கற்பனை" என்று முதல் பக்கத்தில் போட்டுவிட்டால் அவதூறு வழக்கு வராது என்று பலர் நம்புகிறார்கள். படிக்கிறவருக்கு ஆள் யார் என்று தெரிந்துவிட்டால் அந்த வரி காப்பாற்றாது.

சட்டத்தைவிட எனக்குக் கவலை வேறு. சித்தப்பா மேல் இருக்கும் கோபத்தைத் தீர்த்துக்கொள்ள எழுதினால் பாத்திரம் ஒரு பக்கமாகவே நிற்கும். அவர் பக்கத்து நியாயத்தை ஒரு முழு அத்தியாயம் எழுதிப் பாருங்கள், நாவலில் சேர்க்காவிட்டாலும் சரி. அதை எழுத முடியவில்லை என்றால் அந்தக் கதைக்கு இன்னும் சில வருஷம் ஆகலாம். சாதிச் சண்டையை எழுதுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன், கூடவே ஒன்று: அடிபட்ட பக்கத்து ஆள் ஒருவர் உங்கள் முதல் வாசகர்களில் இருக்க வேண்டும்.

கம்ப்யூட்டரே கதை எழுதித் தருதாமே. அதை வச்சு முடிச்சுட்டா இன்னா?

எழுத்துப் பிழை பார்க்க, பழைய நாணயம் பற்றிக் கேட்க உதவும், சொல்வதைச் சரிபார்த்துக்கொண்டால். எழுத்தை அதனிடம் கொடுத்தால், லாட்ஜ் பெருக்கும் பெண் எந்த ஊர்க்காரியாகவும் இல்லாமல் போய்விடுவாள். அவளை நீங்கள்தான் பார்த்திருக்கிறீர்கள்.

என் கதையை யாராவது எடுத்துக்குவாங்களா? ரிஜிஸ்டர் பண்ணணுமா?

எழுதிய நிமிஷத்திலேயே பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டப்படி உங்கள் ஆயுள் முழுவதும், அதற்குப் பிறகு 60 வருஷமும் உண்டு. பதிவு செய்வது கட்டாயமில்லை. மனத் திருப்திக்கு வேண்டும் என்றால் இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய் கட்டணம். கதைக்கரு என்பதற்கு உரிமை கிடையாது, எழுதிய வடிவத்துக்குத்தான். அதனாலும் எழுதி முடிப்பதுதான் பாதுகாப்பு.

பதிப்பகத்துல முப்பதாயிரம் கேக்கறாங்க. குடுக்கலாமா மேடம்?

உங்கள் நாவலை நம்பி எடுக்கும் பதிப்பகம் உங்களிடம் பணம் கேட்காது, விற்பனையில் உங்களுக்கு ராயல்டி கொடுக்கும். வழக்கமாக விலையில் பத்து சதவீதத்தை ஒட்டிப் பேசுவார்கள். பணம் வாங்கிக்கொண்டு போடுகிறவர்கள் செய்வது அச்சு வேலை. அது குற்றமில்லை, ஆனால் அதை அச்சு வேலையாகவே பாருங்கள். எத்தனை பிரதி, என்ன தாள், யார் விற்பார்கள், மீதிப் பிரதிகள் யாரிடம் இருக்கும் என்று எழுதி வாங்குங்கள். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னுக்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இந்தியாவில் அதை ராஜா ராம்மோகன் ராய் பெயரிலுள்ள அரசு முகமை இலவசமாகவே தருகிறது, நீங்களே விண்ணப்பிக்கலாம்.

ஒப்பந்தத்தில் "எல்லா உரிமையும்" என்று இருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் நிறுத்துங்கள். அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா என்று ஒவ்வொன்றும் தனி உரிமை. எத்தனை வருஷத்துக்கு என்று எழுதாவிட்டால் சட்டம் ஐந்து வருஷம் என்று எடுத்துக்கொள்ளும். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். என்னிடம் வந்த ஒருவர் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, தன் புத்தகத்தை மறுபதிப்புப் போட முடியாமல் இருக்கிறார்.

நீங்களே போடுவதாக இருந்தால் முதலில் நூறு பிரதி போதும், இப்போது டிஜிட்டல் அச்சில் அது முடியும். அச்சானதும் 1954ஆம் வருஷச் சட்டப்படி முப்பது நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். சுயமாகப் போடுகிற பலருக்கு இது தெரிவதே இல்லை. கன்னிமாராவில் உங்கள் புத்தகம் இருப்பது பின்னால் ஒரு நாள் யாருக்காவது உதவும்.

புக்கு வந்து ஆறு மாசம் ஆவுது. யாரும் ஒண்ணுமே சொல்லலக்கா.

ஆறு மாதம் குறைவு. என் முதல் நாவல் 300 பிரதி போட்டு, தீர இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. அதில் பாதி நானே புத்தகக் கண்காட்சிக்கும் நூலகத்துக்கும் தெரிந்தவர்களுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தது. ஒன்றரை வருஷம் வரைக்கும் கடிதமோ போனோ எதுவும் இல்லை. அந்த நேரத்தில் இரண்டாவது நாவலின் நூறாவது பக்கத்தில் இருந்தேன், அதனால்தான் தாங்க முடிந்தது. புத்தகம் வந்த வாரமே அடுத்ததை ஆரம்பியுங்கள் என்று சொல்வது அதற்காகத்தான்.

அப்புறம் ஒரு நாள் பேரணாம்பட்டிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். இருபது வருஷம் டேனரியில் வேலை பார்த்தவர். மகள் படித்துக் காட்டினாளாம். "நல்லாத்தான் எழுதிகீற. ஆனா குரோம்ல போட்ட தோலு வெள்ளையா இருக்காதும்மா, நீலமா இருக்கும். அதைக் கையில எடுத்தவங்களுக்குத் தெரியும்" என்றார். நான் அதுவரை ஒரு டேனரிக்கு உள்ளே போனதில்லை, வாசலில் நின்று விசாரித்து எழுதியிருந்தேன். அவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். இரண்டாம் பதிப்பில் 74ஆம் பக்கத்தில் தோல் நீலமாக இருக்கிறது.